மறுமொழி: பொதுவிட இடுக்கணா, பொதுவிடக் குறுகலா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நாம் தமிழாக்கும் மருத்துவ வினாத்தாளில் 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்பதற்கு 'வாழ்க்கைத்தரம்' வேண்டாம் என்று நீங்கள் எழுதியது சரிதான். பட்ஜெட் உரையிலும் வீட்டுமனை விளம்பரத்திலும் அடிபட்டுத் தேய்ந்த சொல் அது. கேட்டதும் சம்பளமும் சதுர அடியும்தான் நினைவுக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' ஒருவர் தம் வாழ்வைத் தாமே எப்படி உணர்கிறார் என்பது. ஆகவே 'வாழ்நலம்', 'வாழ்நல வினாத்தாள்' என்றே வைத்துக்கொள்கிறேன்.

உடல் எடை வாழ்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று உடற்பருமன் உள்ளவர்களிடம் கேட்கும் ஐ.டபிள்யூ.கியூ.ஓ.எல்.-லைட் வினாத்தாளுக்கு வருகிறேன். 1995இல் வந்த மூலத்தில் 74 கேள்விகள்; 2001இல் 31 ஆகச் சுருக்கினார்கள். பிரிவுகள் ஐந்து. உடலியக்கம், தன்மதிப்பு, பணி மூன்றிலும் சிக்கல் இல்லை. நான்காவதை 'இல்லற வாழ்வு' என்று நாசூக்காகச் சொல்ல முடியாது, மணமாகாதவர்களும் நிரப்புவார்கள். 'பாலுறவு' என்றே இருக்கட்டும்.

மிச்சம் 'பப்ளிக் டிஸ்ட்ரஸ்', அதாவது பொது இடங்களில் படும் சங்கடம். நீங்கள் சொன்ன 'பொதுவிட இடுக்கண்' காதுக்கு இனிமைதான். ஆனால் இடுக்கண் என்றதும் நம் வாய் 'வருங்கால் நகுக' என்று தானாக முடிக்கும். இங்கே நகுபவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள் ஐயா!

இந்தப் பிரிவில் ஐந்தே கேள்விகள். இருக்கையில் அடங்குவேனா, இடைவழியில் நுழைய முடியுமா, நாற்காலி என்னைத் தாங்குமா. பிறகு கேலி, பாகுபாடு. எஸ்.எஃப்.-36 என்ற இன்னொரு வாழ்நல வினாத்தாள் மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்கும், நாற்காலியைப் பற்றிக் கேட்காது. அது எல்லா நோய்க்கும் பொதுவாகச் செய்தது. தனி வினாத்தாள் தேவைப்படுவதே இதனால்தான்.

என் அக்காவை நினைத்துக்கொள்கிறேன். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தலில் அவருக்காக ஒரு பையன் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். நல்ல மனசுதான். நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பரவால்லப்பா, நின்னுக்கிறேன்" என்று சொல்லித் தூணோரம் ஒதுங்கியவர் முகூர்த்தம் முடியும்வரை உட்காரவே இல்லை. கூனிக் குறுகுவது என்போமே, அதேதான். இடமும் குறுகல், ஆளும் குறுகிப் போகிறார். 'பொதுவிடக் குறுகல்' என்று முன்மொழிகிறேன். மருத்துவர் அம்மா என்ன சொல்கிறார்?

———

வணக்கம் தம்பி.

சொல் பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல். இந்த வினாத்தாளில் மதிப்பெண் 0 முதல் 100 வரை. 100தான் மிக நல்ல நிலை. அட்டவணையில் 'பொதுவிடக் குறுகல்: 100' என்று கண்டால் எங்கள் முதுகலை மருத்துவப் பிள்ளைகள் நோயாளி கூசிச் செத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இன்னொன்று, விடைகள். கேள்வி ஒவ்வொன்றும் ஒரு கூற்றாக இருக்கிறது; அது எவ்வளவு உண்மை என்று நோயாளி குறிக்க வேண்டும். "பிடிக்கவில்லை" என்று முடியும் கூற்றுக்குக் கீழே "ஒருபோதும் உண்மையில்லை" என்று போட்டால், புறநோயாளிப் பிரிவில் பேனாவோடு நிற்பவர் திணறிப்போவார். கூற்றை உடன்பாடாக முடியுங்கள்: "தயங்குகிறேன்", "தவிர்க்கிறேன்".

———

அம்மா சொல்வது நியாயம். பிரிவின் பெயர் குறுகலாகவே இருக்கட்டும். மதிப்பெண் நிரலின் தலைப்பில் மட்டும் 'பொதுவிடக் குறுகாமை' என்று போடுங்கள். நான் சொன்ன இடுக்கணைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.