எம்டன் பினாங்குக்கும் போயிருக்கிறான்

ரஷ்யப் போர்க்கப்பலைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்டால், எனக்கு இருப்பது ஒரு கல்லறைதான்.

போன வருடம் குடும்பத்தோடு பினாங்கு போயிருந்தோம். தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது வண்டி ஓட்டிய தமிழ்க்காரர், "அண்ணே, மெட்ராஸ்தானே? எம்டன் தெரியும்ல? அவன் இங்கேயும் வந்தான்" என்றார். நேராக வெஸ்டர்ன் ரோடு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே ரஷ்ய எழுத்துகளோடு ஒரு நினைவுச் சின்னம். ஜெம்சுக் என்ற குரூஸர் வகைப் போர்க்கப்பலின் மாலுமிகளுக்காம். பெயருக்கு அர்த்தம், முத்து.

எங்கள் வீட்டில் சேட்டைக்காரப் பிள்ளைகளை 'சரியான எம்டன்' என்றுதான் திட்டுவார்கள். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதோடு நமக்குக் கதை முடிந்தது. அடுத்த மாதம் 28-ஆம் தேதி விடிவதற்குள் அது பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தது எனக்கு அதுவரை தெரியாது. எம்டனுக்கு இருந்தது மூன்று புகைபோக்கி. நாலாவதாகப் பொய்யாக ஒன்றைக் கட்டி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டு வந்திருக்கிறான்.

ஜெம்சுக் ஒன்றும் கத்துக்குட்டிக் கப்பல் இல்லை. 1905-இல் சுஷிமா கடற்போரில் ஜப்பானியர்கள் ரஷ்யப் படையைத் துவம்சம் செய்தபோது தப்பி மணிலாவுக்கு ஓடிய மூன்று குரூஸர்களில் ஒன்று. மற்ற இரண்டில் ஒன்று அரோரா. ஆமாம், 1917 புரட்சியில் வெற்றுக் குண்டு சுட்டுப் பேர் வாங்கிய அதே அரோரா. ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கும் என் அக்கா மகன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அதன் முன்னால் நின்று எடுத்த படம் என் போனிலேயே இருந்தது. கல்லறை முன்னால் நின்றுகொண்டு அதை எடுத்துப் பார்த்தேன். ஒன்றாகத் தப்பியவற்றில் ஒன்றுக்குக் கிடைத்தது மியூசியம், இன்னொன்றுக்கு இந்தக் கல்.

எனக்குக் கோபம் ஜெம்சுக்கின் கேப்டன் செர்காசோவ் மேல்தான். எம்டனைத் தேடும் வேலையில் இருந்த கப்பல் அது. கொதிகலன் சுத்தம் செய்வதற்காக நங்கூரம் போட்டு நின்றிருக்கிறது. சரி, அது தேவையான வேலை. ஆனால் செர்காசோவ் மனைவியைப் பார்க்கக் கரைக்குப் போய்விட்டார். காவலும் சரியில்லை, பீரங்கிகளுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் குண்டும் போதவில்லை. எம்டன் கிட்டே வந்து டார்பிடோ விட்டு, பீரங்கியாலும் சுட்டு, திரும்ப ஒரு டார்பிடோ விட்டது. அதோடு கப்பல் மூழ்கியது. செத்தவர்கள் 80-க்கும் மேல். வெளியேறும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது.

செர்காசோவுக்குப் பதவி பறிபோய், சிறைத் தண்டனையும் கிடைத்தது. அப்புறம் சாதாரணச் சிப்பாயாகக் காகசஸ் போர்முனையில் சண்டை போட்டு வீரப் பதக்கம் வாங்கினாராம். அதைப் படித்த பிறகும் என் கோபம் முழுசாக இறங்கவில்லை.

இறந்தவர்களில் சிலரை ஜெரெஜாக் தீவிலும் புதைத்திருக்கிறார்கள். அன்று படகில் போக நேரமில்லை. யாராவது போயிருந்தால் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.