மறு: பாலிஷிங் பேடுக்குத் தமிழில் என்ன சொல்?

ஐயாவுக்கும் கொளத்தூர்த் தம்பிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வியாசர்பாடி மாலை வகுப்புக் குறிப்பேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும், கார் பெயின்ட்டைப் பளபளப்பாக்கும் மெஷினில் மாட்டுகிற மெத்தென்ற வட்டமான பாலிஷிங் பேடுக்குச் சொல் இன்னும் அமையவில்லை.

பேட் என்றே விட்டுவிடலாம் என்கிறார் தம்பி. போன வாரம் "பேடைக் கழற்றிக் கழுவி வை" என்றேன், புதுப் பையன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு சக்கரத்தைக் கழற்றப் போய்விட்டான். அவனுக்குப் பேட் என்றால் பிரேக் பேட்தான்.

மெருகுப் பஞ்சு என்ற சொல்லுக்கு ஐயா எழுதிய மறுப்பு:

> மெருகு தெலுங்கு. தேய்வட்டு என்க, வினைத்தொகையாகவும் அமையும்.

ஐயா, தெலுங்கிலும் மெருகு உண்டு, மின்னலை அவர்கள் மெருபு என்பார்கள். இரு வீட்டுக்கும் பொதுவான சொல்லை ஏன் ஒரு வீட்டுக்கே எழுதிக் கொடுக்க வேண்டும்? என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சொன்னதும் புரிகிறது. தேய்வட்டு அழகுதான், தேய்க்கிற வட்டு, தேய்கிற வட்டு இரண்டும் அதில் அடங்கும், பொருளும் அப்படிப்பட்டதே. ஆனால் தேய்பிறை கேட்டுப் பழகிய காதில் அது தேய்ந்துபோன வட்டு என்றுதான் விழும், பையன் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவான்.

ராயபுரத்து அக்கா சொன்ன சும்மாடு என் மனசை விட்டுப் போகவில்லை. மீன்கூடைக்கும் தலைக்கும் நடுவே துணியைச் சுருட்டி வைப்பதைக் காசிமேட்டில் பார்த்து வளர்ந்தவன் நான். சுழன்று தேய்க்கிற பொருளுக்கு அது ஒட்டாது, ஆனால் மெஷின் தட்டுக்கும் பேடுக்கும் நடுவில் வளைவான இடங்களுக்காகப் போடுகிற மெல்லிய பஞ்சு இருக்கிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அதைக் குறிப்பேட்டில் சேர்த்துவிட்டேன்.

பேடுக்கு என் வாக்கு மெருகுப் பஞ்சு. முதல் கட்டத்தில் அது மெருகேற்றுவதில்லை, பெயின்ட்டின் மேல் பூசிய நிறமற்ற கிளியர் கோட்டைத் துளி சீவுகிறது என்ற தம்பியின் மறுப்பு சரியே, ஆனாலும் என் வாக்கு மாறவில்லை. பஞ்சு என்றால் பருத்திதான் என்பார் ஐயா. கடையில் ஃபோமும் பஞ்சுதான் ஐயா. கம்பளியில் வருவதைக் கம்பளிப் பஞ்சு என்று பிரித்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மெருகுப் பஞ்சை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய். ஒரு காம்பவுண்டுக்கு (தேய்க்கும் பசைக்கு) ஒரு பஞ்சு. வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் லேசான சோப்பு போட்டுக் கழுவி நிழலில் உலர்த்து." கழுவாமல் விட்ட 5 அங்குலப் பஞ்சு ஒன்று ஓரமெல்லாம் ரஸ்க் மாதிரி இறுகிக் கிடந்தது, அதை அப்படியே கறுப்பு பானெட்டில் ஓட்டியதில் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலையாகக் கீறல். இந்த வாக்கியம் பையன்களுக்குப் புரிந்தே ஆக வேண்டும்.

இதுவரை நான்கு பேர் பஞ்சு, ஐயா தேய்வட்டு, தம்பி பேட். ஞாயிறு இரவுக்குள் வேறு சொல் வராவிட்டால் பஞ்சுதான் அச்சேறும். அப்புறம், பேடை மாட்டுகிற, வெல்க்ரோ ஒட்டிய அந்த மெஷின் தட்டுக்கு யாருமே இன்னும் சொல் எழுதவில்லை.