தாகா சாவதற்காகவே படைக்கப்பட்டவனா? ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வின் கொல்லனைப் பற்றி

அம்மாப்பேட்டை வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சக்கர் பஞ்ச் நிறுவனம் உருவாக்கி 2020ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்ற காணொளி விளையாட்டின் கதையில் வரும் ஒரு மரணத்தைப் பற்றிக் கேட்கப்போகிறேன். ஆகவே இன்னும் விளையாடி முடிக்காதவர்கள் இந்த இழையைப் பிறகு படிப்பது நல்லது.

1274இல் மங்கோலியப் படை ஜப்பானின் சுஷிமாத் தீவில் இறங்குகிறது. கொமோடாக் கடற்கரைப் போரில் வீழ்ந்து கிடக்கும் ஜின் சகாய் என்னும் சாமுராயை யூனா என்ற திருடி காப்பாற்றுகிறாள். அதற்குக் கைம்மாறாக அவள் கேட்பது, மங்கோலியரிடம் சிக்கிய தன் தம்பி தாகாவை மீட்டுத் தரவேண்டும் என்பதுதான். தாகா ஒரு கொல்லன், போர் அறியாதவன், எளிதில் அஞ்சுபவன். சிறு வயதில் அக்காளும் தம்பியும் அடிமை வணிகர்களிடம் பட்ட துன்பத்தின் தழும்பு அவன் பேச்சிலேயே தெரிகிறது. சேலத்தில் நாங்கள் சிலர் கூடிக் கதைகளைப் பேசும் வட்டத்தில் அடுத்த முறை துணைப்பாத்திரங்களை எடுத்துக்கொள்ளவிருக்கிறோம். நான் தாகாவைத் தேர்ந்தெடுத்ததும், “நாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகக் கொல்லப்படுகிற பாத்திரம் அது, அதில் பேச என்ன இருக்கிறது?” என்று ஒரு தோழி கேட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. ஆனால் மறுப்பதற்குரிய காரணத்தைத் தெளிவாகச் சொல்லவும் வரவில்லை. அவன் மரணத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் தாகாவிடம் என்ன எஞ்சுகிறது?

சூரமங்கலத்தான்

சகோதரி, மரணத்தை நீக்கிவிட்டுப் பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையே எனக்கு உடன்பாடில்லை. அந்த மரணத்தை ரியூசோவின் துரோகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரியூசோ ஜின்னின் பால்ய நண்பன். வாள் பிடிக்கத் தெரிந்தவன். வைக்கோல் தொப்பிப் படையின் தலைவன். தன் ஆட்கள் பட்டினி கிடப்பதைப் பொறுக்கமாட்டாமல் மங்கோலியப் படைத்தலைவனான கோத்துன் கானின் பக்கம் சாய்கிறான். பிற்பாடு அதே கான், பிடிபட்ட தாகாவின் கையில் வாளைக் கொடுத்து, கட்டிப்போடப்பட்டிருக்கும் ஜின்னைக் கொன்றால் அவனுக்கும் அக்காளுக்கும் விடுதலை என்கிறான். தீவை விட்டுப் பெருநிலத்துக்குப் போய் அஞ்சாமல் வாழவேண்டும் என்பதுதான் அந்த இருவரும் நெடுநாளாகச் சுமந்த ஆசை. அது ஒரே வெட்டில் கைக்கு வந்துவிடும். தாகா அந்த வாளைக் கானின் மீதே ஓங்குகிறான், அங்கேயே கொல்லப்படுகிறான்.

போர் பழகியவன் விலைபோன இடத்தில் போர் பழகாதவன் விலைபோகவில்லை. கான் இருவரிடமும் அவரவருடைய மிகப் பெரிய தேவை எதுவென்று கண்டறிந்துதான் பேரம் பேசுகிறான். ஆகவே தாகாவை ஜின்னின் கோபத்துக்கு விறகு என்று சொல்வது அநியாயம். அந்தக் காட்சியில் முடிவெடுப்பவன் அவன் ஒருவனே; ஜின் கட்டுண்டு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கஞ்சமலை அடிவாரம்

மேலே நண்பர் சொன்னது சரிதான் என்றாலும், அவரும் தாகாவை அவன் கடைசிக் கணத்தில்தான் மதிக்கிறார். நான் கொல்லுப்பட்டறை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். எனக்கு அவன் முதலில் தொழிலாளி.

முதல் பகுதியின் முடிவை நினைத்துப் பாருங்கள். ஜின்னின் சிற்றப்பனோ மாமனோ எவராயினும் தந்தையின் இடத்தில் நின்று அவனை வளர்த்த ஷிமுரா பிரபு கனேடாக் கோட்டையில் சிறைப்பட்டிருக்கிறார். நேராகப் போய் மோதினால் அந்தக் கோட்டை விழாது. மதிலில் ஏறித்தான் உள்ளே போகவேண்டும். அதற்காகத் தாகா ஓர் இரும்புக் கொக்கியைச் செய்து தருகிறான். நம் பக்கத்தில் கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கும் பாதாளக் கரண்டியைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே விளங்கும். ஆனால் இரண்டுக்கும் வேலையில் மிகுந்த வேறுபாடு உண்டு. வாளியைத் தூக்கும் கொக்கி தவறினால் மறுபடி போட்டுத் துழாவலாம். ஆள் தொங்கும் கொக்கி ஒருமுறை தவறினால் ஆளே இல்லை. காய்ச்சிய இரும்பை வளைத்தபின் துவைச்சல் (நீரில் தோய்த்துக் கடினமாக்குவது) அதிகமாகிவிட்டால் வளைவில் விறைத்து, உதறல் பட்டதும் ஒடிந்துவிடும். துவைச்சல் போதாமல் போனால் பாரம் ஏறும்போது வளைவு நிமிர்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பதத்தை அளந்து காட்டக் கருவி ஏதும் இல்லாத காலத்தில், உலையில் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கொல்லன் முடிவு செய்தான். அஞ்சுகிறவன் என்று எல்லோரும் சொல்லும் தாகாவின் கண்ணையும் கையையும் நம்பித்தான் ஜின் அந்தரத்தில் தொங்குகிறான்.

விளையாடுகிறவர்களுக்கும் அப்படித்தான். அந்தக் கொக்கி கிடைத்த பிறகு தீவின் பாறைகளும் கோட்டைகளும் வேறு விதமாகத் திறக்கின்றன. தாகா இறந்த பிறகும், கதையின் முடிவு வரையில், நாம் ஏறும் ஒவ்வொரு செங்குத்தான பாறையிலும் அவன் வேலைதான் நம்மைத் தாங்குகிறது. சகோதரி கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. இரும்பையும் எஃகையும் கொண்டுபோய்க் கொடுத்தால் வாள் மேம்பட்டு வந்துவிடுகிறது. ஊதுலையின் முன் நிற்கும் நேரத்தை விளையாட்டு நமக்குத் தருவதேயில்லை. கஞ்சமலை இரும்புத்தாதை உருக்கி எஃகு செய்த மரபு உள்ள மாவட்டத்துக்காரனுக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது. 1830களில் ஆங்கிலேயரான ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியபோது சேலத்துத் தாதுவைத்தான் நம்பினார்.

ஏற்காட்டு மாணவன்

ஒரு சிறு திருத்தம் ஐயா: ஷிமுரா பிரபு ஜின்னுக்குத் தாய்மாமன். கொக்கியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் வரலாற்றுப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கத் தோன்றுகிறது.

ஜின்னும் ஷிமுராவும் கோத்துன் கானும் கற்பனை, படையெடுப்பு உண்மை. 1274இல் சுஷிமாவைக் காத்து நின்றவர் சோ சுகெகுனி. ஏறத்தாழ 80 குதிரை வீரர்களுடன் போரிட்டு மாண்டார். அந்தப் படையெடுப்புகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் புகழ்பெற்ற ஓவியச் சுருள், தக்கெசாக்கி சுவெனாகா என்ற சாமுராய் தன் வீரச் செயல்களைப் பதிவு செய்யச் செய்வித்தது. போரிட்டவன் தன் பெயர் நிலைக்க வழி செய்துகொண்டான். வாள் செய்த கொல்லர்களுக்கும் ஓரளவு அந்த வாய்ப்பு இருந்தது. கைப்பிடிக்குள் மறையும் வாளின் அடிப்பகுதியில் தம் பெயரைப் பொறிக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. பிடியைக் கழற்றினால்தான் அது தெரியும். மாசமுனே போன்றவர்களின் புகழ் அந்த நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான் எழுகிறது. 1239இல் மறைந்த கோதோபா பேரரசர் வாள் கொல்லர்களைத் தம்மிடம் வரவழைத்து ஆதரித்தவர். ஆனால் கொக்கியும் ஆணியும் மண்வெட்டியும் அடித்தவர்களின் பெயர்களை அப்படிப் பேணியவர் இல்லை. தாகா அந்தப் பெயரற்ற பெரும் கூட்டத்தைச் சேர்ந்தவன். படைப்பாளர்கள் அவனைப் புகழ்பெற்ற வாள் கொல்லனாக ஆக்காமல் விட்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொன்று. தாகா சாமுராய்களை வியந்து பார்ப்பதை வைத்து, அக்காலத்து எளிய மக்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று உங்கள் கூட்டத்தில் யாரும் முடிவு கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் ஷிமுரா பேசும் மான நெறி, 1603க்குப் பிந்தைய ‘எடோ’ எனப்படும் காலகட்டத்தில்தான் நூல்களாகத் தொகுக்கப்பட்டு இறுகியது.

அம்மாப்பேட்டை வாசகி

மூவருக்கும் நன்றி. சூரமங்கலத்து நண்பரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். தாகாவின் சாவுக்குப் பிறகுதான் ஜின் ஷிமுராவின் கோட்டையில் மங்கோலியருக்கு நஞ்சு வைக்கிறான். அந்த முடிவுக்குத் தாகாவைப் பொறுப்பாக்கலாமா?

சூரமங்கலத்தான்

கூடாது என்பதே என் எண்ணம். கோட்டைப் பாலத்தில் நேருக்கு நேர் மோதி ஏராளமான வீரர்கள் மடிவதைப் பார்த்த பின்புதான் ஜின் நஞ்சை எடுக்கிறான். அந்த வித்தையை அவனுக்குக் கற்பித்தவள் அவன் வீட்டில் பணிபுரிந்த முதியவள் யூரிக்கோ. தாகாவின் இழப்பு அவன் மனத்தில் கனத்துக் கிடந்தது உண்மை. ஆனால் தாகா அவனுக்குக் கொடுத்தது ஏறுவதற்கான கருவி மட்டுமே. அவன் எதற்காக ஏறினான் என்பதற்கு ஜின்தான் பதில் சொல்லவேண்டும். கஞ்சமலைக்காரர் எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிலிலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். கான் வாளைக் கொடுத்தது, வாள் பிடித்துப் பழகாத, சம்மட்டி பிடித்துப் பழகிய கையில். வெல்ல வாய்ப்பில்லை என்பது தாகாவுக்கும் தெரியும். உங்கள் கூட்டத்தில் கனேடாக் கோட்டை மதிலை முதலில் காட்டிவிட்டு அதன் பிறகு இந்தக் காட்சியைக் காட்டினால், உங்கள் தோழிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.