தீயணைப்பு வேலையில் சேர்ந்த தம்பிக்கு யுபிஎஸ்ஸா, என்பிஎஸ்ஸா?

கடலூர்க்காரன்:
தம்பி போன வாரம் சிஐஎஸ்எஃப் (மத்திய தொழிற்பாதுகாப்புப் படை) தீயணைப்புப் பிரிவில் காவலராகச் சேர்ந்திருக்கிறான். வயது 21. யுபிஎஸ் (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) வேண்டுமென்றால் 30 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்)தான். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. எதை எடுக்கச் சொல்லட்டும்?

சீருடை2009:
யுபிஎஸ்தான், தம்பி. 25 வருடம் முடித்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி மாதாமாதம் வரும், கூடவே அகவிலை நிவாரணம். நான் டெல்லி போலீஸ், சேர்ந்ததிலிருந்து என்பிஎஸ். அதில் பணம் சந்தையோடு ஏறி இறங்கும்; சந்தை விழும்போதெல்லாம் கணக்கைத் திறந்து பார்க்கவே மனசு வராது.

நெய்வேலிவாசி:
அண்ணா, நிபந்தனையையும் சொல்லுங்கள். ராஜினாமா செய்தாலோ, பணிநீக்கம் ஆனாலோ அந்த உத்தரவாதம் கிடையாது. 25 வருடம் முடித்து விருப்ப ஓய்வில் போனாலும், 60 வயது ஆன பிறகுதான் பணம் வரும். புகையிலும் படிக்கட்டிலும் ஓடி 46 வயதில் உடம்பு தேய்ந்து வெளியே வருகிறவன், 14 வருடம் எதைச் சாப்பிடுவான்? என்பிஎஸ்ஸில் சம்பளத்தில் அரசு போடும் 14 சதவீதமும் அவன் கணக்கில் சேரும். யுபிஎஸ்ஸில் அரசு போடும் 18.5 சதவீதத்தில் 10தான் சேரும், மீதி 8.5 பொதுத் தொகுப்புக்குப் போய்விடும்.

சீருடை2009:
விருப்ப ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பு வரை யுபிஎஸ்ஸிலிருந்து என்பிஎஸ்ஸுக்கு ஒரு முறை மாறலாமே. இப்போது என்பிஎஸ்ஸில் இருந்துவிட்டால் அப்புறம் இந்தப் பக்கம் வர வழி இல்லை. என்பிஎஸ் ஆண்டுத்தொகையில் (ஓய்வுக்குப் பின் சேமிப்பை வைத்து வரும் ஓய்வூதியம்) அகவிலை நிவாரணமும் கிடையாது. 70 வயதில் மருந்துச் செலவு ஏறும்போதுதான் அதன் அருமை தெரியும்.

நெய்வேலிவாசி:
ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் மாற முடியாது. சீருடை வேலையில் ஒரு மெமோ எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், யுபிஎஸ்ஸில் ஓய்வுக்குப் பின் அவன் இறந்தால் அந்த ஓய்வூதியத்தில் 60 சதவீதம் மனைவிக்கு மட்டும்தான். கல்யாணம் ஆகாத பையன், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவன். என்பிஎஸ்ஸில் அம்மாவையே வாரிசாக நியமிக்கலாம்.

திருச்சி_செல்வி:
நீங்கள் இருவரும் 60 வயதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் 38 வயதில் பணியிலேயே இறந்தார். அவர் என்பிஎஸ்தான். ஆனால் பணியில் இறந்தாலோ, ஊனமுற்று வெளியேறினாலோ பழைய ஓய்வூதிய விதிப்படி (என்பிஎஸ்ஸுக்கு முந்தையது) ஓய்வூதியம் வேண்டும் என்று தனிப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதனால்தான் இன்றைக்கு எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. யுபிஎஸ்காரர்களுக்கும் அந்த விருப்பம் உண்டு. நெருப்புக்குள் போகிற பிள்ளை, முதலில் அந்தப் படிவத்தை நிரப்பட்டும்.

நெய்வேலிவாசி:
அக்கா சொல்வது சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. திட்டத்தில் மட்டும் நான் இன்னும் என்பிஎஸ் பக்கம்தான்.

கடலூர்க்காரன்:
இன்று ராத்திரி தம்பிக்கு போன் போட்டு, படிவம் அவன் பணிப்பதிவேட்டில் சேர்ந்ததா என்று கேட்கிறேன். யுபிஎஸ்ஸைப் பற்றி முடிவெடுக்க இன்னும் 22 நாள் இருக்கிறது.