ஆம்புலன்ஸ் பை: எல்லா வண்டியிலும் ஒரே அடுக்கா, ஏரியாவுக்கு ஏற்ற அடுக்கா?

தண்டையார்பேட்டை ஈஎம்டி:
நான் ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் ஈஎம்டி. போன மாதம் லீவு போட்ட ஒருவருக்குப் பதிலாக வேறு வண்டியில் இரவு டூட்டி பார்த்தேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் நாலு வயதுக் குழந்தைக்கு வலிப்பு. வலிப்பு நின்றும் மூச்சு சரியாக வரவில்லை. கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக் கைக்கு வந்துவிட்டது, குழந்தைக்கான மாஸ்க்கைக் காணோம். என் வண்டியில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அங்கே அது கட்டுத்துணிக்கு அடியில் கிடந்தது. தேடியது அரை நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரமும் அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் சொல்கிறேன், எந்த வண்டியில் ஏறினாலும் பை ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேலே மூச்சுக்கானவை, நடுவில் ரத்தம் நிறுத்துபவை, கீழே மருந்து. அவரவர் வசதிக்கு மாற்றக் கூடாது.

எண்ணூர்க்காரன்:
தம்பி, குழந்தை பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் ஒரே அடுக்கை நான் ஏற்க மாட்டேன். எனக்கு அதிகம் வருவது கன்டெய்னர் லாரியில் மோதிய பைக் கேஸ்கள். தொடையில் ரத்தம் பீறிட்டால் நான் முதலில் தேடுவது டூர்னிகெட், அதாவது இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் பட்டை. அது நடு அறையில் எதற்கு? வெளிப் பாக்கெட்டில்தான் வைப்பேன். அப்புறம், 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததை மறந்துவிட முடியுமா? கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக சனங்கள் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். அப்படி ஒரு இரவில் வேண்டியது ஆக்சிஜன் மாஸ்க்கும், கண்ணைக் கழுவ நிறைய சலைனும். அண்ணா நகர் வண்டிக்கு அடுக்குவது போலவே எண்ணூர் வண்டிக்கும் அடுக்கினால் எங்கள் சனங்களுக்கு என்ன பயன்?

தண்டையார்பேட்டை ஈஎம்டி:
அண்ணே, எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இடத்தை மாற்றாதீர்கள். நாளைக்கு நீங்கள் லீவு போட்டால் உங்கள் வண்டியில் ஏறப்போவது என்னைப் போல ஒருவன்தான். பீறிடும் ரத்தத்தை முதலில் நிறுத்த வேண்டும் என்பது சரி. அப்படியானால் எல்லா வண்டியிலும் டூர்னிகெட் வெளிப் பாக்கெட்டுக்கு வரட்டும்.

கேஷுவால்டி அக்கா:
இடத்துக்காகவே சண்டை போடுகிறீர்கள். உள்ளே இருப்பது சரியாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது? மருந்துகளைத் தனிப் பவுச்சில் வைத்து, எண் போட்ட பிளாஸ்டிக் சீல் மாட்டுங்கள். எது முதலில் காலாவதி ஆகுமோ அந்தத் தேதியை வெளியே எழுதுங்கள். சீல் அறுந்திருந்தால் டூட்டி முடியும் முன் நிரப்பியாக வேண்டும். அட்ரினலினையும் அட்ரோபினையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் சின்ன ஆம்பூல் (கண்ணாடி மருந்துக் குப்பி), இரவில் ஆடுகிற வண்டியில் கை மாறிவிடும். அட்ரினலினிலேயே இதயம் நின்றுபோன பெரியவருக்கு நரம்பில் 1 மில்லிகிராம், கடுமையான அலர்ஜிக்குத் தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம். இதைப் பவுச்சின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

எண்ணூர்க்காரன்:
மருந்துக்கு சீல் சரி அக்கா. கருவிக்கு வேண்டாம். எங்கள் கடற்காற்றில் பிளாஸ்டர் பசை விட்டுப்போகிறது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி சரியாக மூடாவிட்டால் ஈரம் ஏறி அளவு தப்பாகக் காட்டும். வாயில் தேங்கும் சளியை உறிஞ்சும் சக்ஷன் மெஷினில் சார்ஜ் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

காசிமேடு பைலட்:
நான் வண்டி ஓட்டுகிறவன். எங்கள் பக்கம் பல சந்துகளில் வண்டி நுழையாது. முனையில் நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஹவுசிங் போர்டு என்றால் மாடிப்படி வேறு. ஆளாளுக்கு ஒன்றைச் சேர்த்தால் பையை யார் தூக்குவது? இன்னொன்று, ஈஎம்டி நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கும்போது பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பது நான். எனக்கு ஆம்பூல் பெயர் எல்லாம் தெரியாது. மூச்சுப் பவுச் நீலம், ரத்தப் பவுச் சிவப்பு என்று எல்லா வண்டியிலும் இருந்தால், "நீலம் கொடுங்க" என்றதும் கொடுத்துவிடுவேன்.

எண்ணூர்க்காரன்:
சரி, பைலட் சொல்வது எனக்குத் தோன்றவே இல்லை. தோளில் போகிற பை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆனால் கூடுதல் மாஸ்க்கும் சலைனும் போட்ட தனிப் பெட்டி ஒன்று என் வண்டியில் இருக்கும். அதை யார் சொன்னாலும் இறக்க மாட்டேன்.

தண்டையார்பேட்டை ஈஎம்டி:
இறக்கச் சொல்லவில்லை அண்ணே. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள், வருகிறவனுக்குத் தெரியட்டும்.