மறு: மறு: புதுச் சுங்கானின் முதல் புகைகளுக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். புதிதாக வாங்கிய சுங்கானை (புகையிலை நிரப்பிப் புகைக்கும் குழாய்) முதல் சில தடவை மெதுவாகப் புகைத்துத் தயார்செய்வதற்கு நம் சொற்பட்டியலில் என்ன சொல் வைப்பது, அதற்கு எந்தப் புகையிலை ஏற்றது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘பதப்படுத்துதல்’ போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு எதையோ புரிந்துகொள்வார்கள். புகையிலை என்று வந்தாலே பதப்படுத்துதல் இலைக்கு உரிய வேலை. பறித்த இலையை உலர்த்தி, புளிக்க வைத்து, பக்குவத்துக்குக் கொண்டுவருவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ‘பதப்படுத்திய புகையிலையால் சுங்கானைப் பதப்படுத்துக’ என்று கையேட்டில் அச்சடித்தால், படிப்பவர் அடுத்த வரிக்குப் போக மாட்டார்.

> எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் புதுச்சட்டியை ‘மயக்குவோம்’. அதையே எடுத்துக்கொள்ளலாமா?

கொழிஞ்சாம்பாறையிலும் அதே பேச்சுதான் அண்ணா. சந்தையில் வாங்கிய மண்சட்டியில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்து, அப்புறம் எண்ணெய் தடவி, சிறுதீயில் தேங்காய்த் துருவலை வறுத்து எடுத்தால் ‘சட்டி மயக்கியாச்சு’ என்போம். மலையாளத்துக்காரர்களோடு சேர்ந்து புழங்குகிற சொல். வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டால் அதே வேலைக்குப் ‘பழக்குவது’. எனக்கு மயக்குதல் பிடித்த சொல்தான். ஆனால் புகையிலைக்குப் பக்கத்தில் அதை வைத்தால், மயங்குவது சுங்கானா, ஆளா என்று கேட்பார்கள். அதனால் என் வாக்கு ‘பழக்குதல்’.

சொல் ஒத்துவருவதற்கு மேல், செய்கையும் ஒத்துவருகிறது. நல்ல சுங்கான்களைப் பெரும்பாலும் பிரையர் மரத்தில் கடைகிறார்கள். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முண்டு அது. வேகவைத்துச் சாறு போக்கி, நாள்பட உலர்த்திய பிறகும் அது மரம்தானே! கிண்ணத்தின் (புகையிலை நிரப்பும் குழி) உட்சுவர் வெறுமையாக இருக்கும்போது கங்கு பட்டால் கருகிக் குழி விழலாம். புகைக்கப் புகைக்கச் சுவரில் மெல்லிய கரி ஏறும். அதுதான் பிறகு சூட்டைத் தாங்கும், ஈரத்தையும் உறிஞ்சும். இதற்காகவே முதலில் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பி, அவசரமில்லாமல் அடிவரை புகைக்கிறார்கள். சில தடவை கழித்துப் பாதி, அப்புறம் முழுக்கிண்ணம். நடுவில் சுங்கானுக்கு ஒரு நாளாவது ஓய்வு. (யாரையும் புகைக்கச் சொல்லவில்லை. குடும்பத்தார் இந்த மடலைப் படித்தால், சொல்தான் தேடுகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.)

அந்தக் கரிக்கு ‘கரிப்படலம்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். படலம் என்றால் ஆவிபோல் படிந்திருப்பது என்று தோன்றுகிறது. இது கெட்டியாக, கத்தியால் சுரண்டினால் பொடிப்பொடியாக வருவது. பத்துப் பாத்திரம் என்கிறோமே, அந்தப் பத்து, எழுத்தில் பற்று. ‘கரிப்பற்று’ என்றால் ஒட்டியிருப்பது என்ற பொருளும் சேர்ந்து வந்துவிடும். நாணயத்தின் கனத்துக்கு மேல் அதை வளர விடக்கூடாது. சூட்டில் மரமும் கரியும் ஒரே அளவில் விரியாததால் கிண்ணம் விரிசல் விடலாம்.

இனி, அக்கா முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்: பழக்குவதற்கு எந்தப் புகையிலை? ‘பழக்குப் புகையிலை’ என்று தனியாக ஒரு பதிவே போடலாம், ஏனென்றால் எல்லாப் புகையிலையும் இதற்கு ஆகாது. பர்லி என்ற புகையிலை வகைதான் நெடுநாளைய பரிந்துரை. (ர்-க்கு முன் கால் போட்டுவிடாதீர்கள், கஞ்சி ஆகிவிடும்.) ஆந்திரத்தில் வினுகொண்டா வட்டாரத்தில் விளைகிற அதே வகைதான். நிழலில் காற்றாட, வாரக்கணக்கில் உலர்த்துவார்கள். இலை மெல்ல மெல்லச் சாகும்போது தன்னிடமுள்ள சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடும். அதனால் பர்லி உலர்வாக எரியும், கரிப்பற்றும் கெட்டியாகப் பிடிக்கும்.

வர்ஜீனியா வகை நேரெதிர். சூடேற்றிய கொட்டகையில் ஒரு வாரத்துக்குள் காயவைப்பதால் சர்க்கரை இலையிலேயே தங்கிவிடுகிறது. இனிப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேகமாக இழுத்தால் சூடு ஏறும், நாக்கும் எரியும். வெறுமையான மரத்துக்கு அந்தச் சூடு வேண்டாம். வெண்ணிலா, செர்ரி வாசனைப் பாகு ஏற்றியவை இன்னும் மோசம். பாகு சுவரில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், கரிப்பற்று இறுகாது. லடாக்கியா வகை? சிரியாவின் துறைமுகப் பெயர், இன்று பெரும்பாலும் சைப்ரசிலிருந்து வருகிறது. இலைக்கு விறகுப் புகை காட்டியிருப்பதால் அதன் வாசனை கிண்ணத்தில் குடியேறிவிடும், அப்புறம் எதைப் போட்டாலும் அதுதான் முன்னால் வந்து நிற்கும். அந்தச் சுங்கானை லடாக்கியாவுக்கே ஒதுக்கிவிடுவது என்றால் சரி.

> நம் ஊர் மெல்லும் புகையிலையைத் தூளாக்கிப் போட்டால்?

வேண்டாம் தம்பி. வெல்லத் தண்ணீர் காட்டிய இலையாக இருந்தால் பாகு ஏற்றிய வகைக்கு வந்த கதிதான். காரமும் தாங்காது.

சொல்லின் எல்லையையும் பதிவில் குறிக்க வேண்டும். மீர்ஷாம் என்ற வெண்ணிறக் கனிமச் சுங்கானில் கரிப்பற்று வளர்க்கவே கூடாது, ஒவ்வொரு முறையும் துடைத்துவிட வேண்டும். களிமண் சுங்கானுக்கும் கரிப்பற்று தேவையில்லை. சில பிரையர் சுங்கான்கள் உள்ளே கரிப்பூச்சோடு விற்பனைக்கு வருகின்றன, அவற்றுக்குப் பழக்கும் வேலை குறைவு. அதனால்தான் ‘பழக்குதல்’ இருக்க வேண்டிய இடத்துக்கு வந்த ‘முதற்புகை’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. முதற்புகை எல்லாச் சுங்கானுக்கும் உண்டு, பழக்குதல் எல்லாவற்றுக்கும் இல்லை.

கரிப்பற்றைச் செதுக்கும் கருவிக்கு ‘அகழி’ வேண்டாம், கோட்டைக்குப் போய்விடும். ‘சுரண்டி’ போதும். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள்.