நீங்க எந்த காங்கிரஸ்?

மஞ்சக்குப்பத்தான்:

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தாத்தாவுக்குத் தையல் கடை. 1969-இல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது, காமராஜர் போன்ற மூத்த தலைவர்களின் அணியை ‘சிண்டிகேட்’ என்றும் இந்திரா காந்தி அணியை ‘இண்டிகேட்’ என்றும் சொன்னார்கள். தாத்தா காமராஜர் பக்கம் நின்றார். அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் ‘சிண்டிகேட்’. எதிரே வெற்றிலைக் கடைக்காரர் இந்திரா பக்கம் போனதால் ‘இண்டிகேட்’. இரண்டு பேருக்குமே அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாது. “சிண்டிகேட்டிடம் கொடு, பட்டன் தைத்துத் தருவார்” என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்களாம்.

இதில் வேடிக்கை, தாத்தாவுக்கு 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது ரொம்பப் பிடித்திருந்தது. அதாவது கொள்கைப்படி அவர் இண்டிகேட். ஆனால் இந்திரா பக்கத்துக்காரர்கள் காமராஜரை வலதுசாரி என்று மேடையில் பேசியதும் கொதித்துவிட்டார். 1955-இல் ஆவடி மாநாட்டில் சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டபோது இங்கே முதலமைச்சர் யார்? அவரைப் போய் வலது என்றால்? எனக்கும் அந்தக் கோபம் நியாயமாகத்தான் படுகிறது.

தொழில் வேறு, அரசியல் வேறு. பசுவும் கன்றும் சின்னம் வைத்திருந்த இந்திரா கட்சிக்காரர்கள் கொண்டுவந்த கொடிகளுக்கும் அவர்தான் ஓரம் அடித்துக் கொடுத்தார். கூலியில் பத்து பைசா கூடுதல், அவ்வளவே.

காமராஜர் மறைந்த பிறகு, 1976-இல் மூப்பனாரோடு பெரும்பகுதிப் பேர் இந்திரா காங்கிரசில் இணைந்தார்கள். தாத்தாவும் போனார். பட்டப்பெயர் போகவில்லை. 1996-இல் மூப்பனார் காங்கிரசிலிருந்து பிரிந்து சைக்கிள் சின்னத்தோடு த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) தொடங்கியதும், “சிண்டிகேட்டு சைக்கிள் ஏறிடுச்சு!”

வில்லியனூர்க்காரன்:

எங்கள் புதுச்சேரியில் கை, ஜக்கு: கை காங்கிரஸ் சின்னம், ஜக்கு என்.ஆர். காங்கிரஸ் சின்னம். 2011 பிப்ரவரியில் முன்னாள் முதல்வர் ரங்கசாமி காங்கிரசிலிருந்து பிரிந்து என்.ஆர். காங்கிரஸ் தொடங்கினார், ஏப்ரலில் தேர்தல். ஓட்டுப் போட்டாயிற்று, எண்ணுவதற்கு ஒரு மாதம் இருக்கிறது. அந்தச் சித்திரையில் அக்கா கல்யாணம். பெரிய மாமா கை, சின்ன மாமா ஜக்கு.

பந்தியில் பையன் ஒருவன் பிளாஸ்டிக் ஜக்கோடு தண்ணீர் ஊற்ற வந்தான். பெரிய மாமா டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார். “சொம்புல கொண்டாடா.” பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர் இலையிலிருந்து சின்ன மாமா, “தம்பி, இங்க ஊத்து, ரொம்ப ஊத்து” என்றார். அப்பளத்தின் மேலெல்லாம் தண்ணீர். அம்மாதான் சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் சொம்பைத் தேடிக் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டு கட்சிக்கும் கொள்கையில் என்ன வித்தியாசம் மாமா என்று சின்னவரிடம் கேட்டேன். “2008-ல ரங்கசாமியை காங்கிரஸ்காரங்க முதல்வர் நாற்காலியில இருந்து இறக்கினாங்களே, அதான்” என்றார். இதைவிட நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. மே மாதம் முடிவு வந்தது. 17 இடத்தில் நின்று 15-ஐ ஜக்கு பிடித்தது. பெரிய மாமா ஒரு வாரம் போனையே எடுக்கவில்லை.

கேப்பர்மலை:

நம் பக்கத்தில் இதைவிடப் பழைய கோஷ்டிச் சண்டை உண்டு. புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீட்டுக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். 1907 சூரத் காங்கிரசில் மிதவாதி கோகலே, தீவிரவாதி திலகர், பாரதியார் திலகர் பக்கம் என்று நான் அளந்துகொண்டிருக்க, அவள் சத்தமாக, “அப்போ பாரதியார் தீவிரவாதியாப்பா?” என்றாள். வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “அந்தக் காலத்துத் தீவிரவாதிம்மா” என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. 1918-இல் அவர் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் பிடித்து எங்கள் கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள் என்பதைச் சொல்வதற்குள் அவளை வெளியே இழுத்து வந்துவிட்டேன்.

மஞ்சக்குப்பத்தார், தாத்தா கடைசியில் எந்தக் கட்சி?

மஞ்சக்குப்பத்தான்:

2002-இல் த.மா.கா. திரும்பவும் காங்கிரசில் சேர்ந்தபோது அவர் இல்லை, முந்தின வருஷமே போய்விட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தது எதிர்க்கடை இண்டிகேட்தான். பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘சிண்டிகேட்’ என்று போட்டிருந்தார். என்ன பெரியப்பா இது என்று அப்பா கேட்டதற்கு, “அது இல்லாட்டி செத்தது யாருன்னு ஊருக்கு எப்படிடா தெரியும்?” என்றாராம்.